சவ்வு இணைவு மாதிரியில் வரும் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணம் வரை

ஒவ்வொரு கோடையிலும் மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலிருந்து முதுகலை இயற்பியல், உயிரித் தொழில்நுட்ப மாணவர்கள் சிலர் ஆய்வுத் திட்டத்துக்காக என்னிடம் வருகிறார்கள். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் உள்ள சிறிய அறையொன்றில், ஒரே ஒரு ஜிபியு பொருத்திய கணினியை வைத்துக்கொண்டு, செல் சவ்வுகள் ஒன்றோடொன்று இணைவதையும் வடிவம் மாறுவதையும் கணக்கிட்டுப் பார்க்கிறோம். அவர்கள் கொண்டுவரும் சிக்கல்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், கண்ணில் படும் அறிகுறியை முதலில் வைத்து, காரணத்தை அதன் பின் தேடும் முறையில் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு வகை மாதிரிகளைப் பற்றிப் பேசுகிறேன். ஒன்று, சவ்வைத் தடிமனற்ற மீள்பரப்பாகக் கொண்டு, 1973இல் ஹெல்ஃப்ரிக் தந்த வளைவு ஆற்றலைக் குறைக்கும் தொடர்பரப்பு மாதிரி; கணினியில் அந்தப் பரப்பை முக்கோண வலையாக வைக்கிறோம். மற்றொன்று, சவ்வை ஆக்கும் கொழுப்பு மூலக்கூறுகளான லிப்பிட்டுகளையே துகள்களாக வைத்து நியூட்டன் சமன்பாடுகளைத் தீர்க்கும் துகள் மாதிரி; எங்கள் அறையில் அது பெரும்பாலும் குரோமாக்ஸ் என்ற நிரலில் ஓடும், சில அணுக்களை ஒரே துகளாகத் திரட்டும் மார்ட்டினி மாதிரி. இரண்டிலும் ஏதாவது கோணலாகத் தெரிந்தால், அளபுருக்களை மாற்றத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, அந்த இடத்தில் வர வேண்டிய எண் என்ன என்று கையால் போட்டுப் பாருங்கள். கீழே உள்ள அறிகுறிகள் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு எண் உண்டு.

அறிகுறி: வளைவு ஆற்றல் நம்ப முடியாத அளவில் வருகிறது

சோதனைக்கு ஒரு கோளமே போதும். தன்னியல்பான வளைவு, அதாவது விசையின்றித் தானே எடுக்கும் வளைவு, இல்லாத சவ்வில் கோளத்தின் வளைவு ஆற்றல், எட்டு மடங்கு பையை (π) வளைவு விறைப்பால் பெருக்கினால் கிடைப்பது. போல்ட்ஸ்மான் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி வருவதை ஒரு வெப்ப அலகு என்று வைத்துக்கொள்வோம். 310 கெல்வினில் அது 4.28 பிக்கோநியூட்டன் நானோமீட்டர். டிஓபிசி என்ற லிப்பிட்டால் ஆனது போன்ற நீர்ம நிலைச் சவ்வின் விறைப்பு ஏறத்தாழ 20 வெப்ப அலகுகள் என்பதால், கோளத்தின் ஆற்றல் 503 வெப்ப அலகுகளாக வர வேண்டும். கோளம் 20 நானோமீட்டர் ஆரமாயினும் 2 மைக்ரோமீட்டர் ஆரமாயினும் இந்த எண் மாறக் கூடாது.

உங்களுக்கு 126 வந்தால், இரு முதன்மை வளைவுகளின் கூட்டுத்தொகையை இட வேண்டிய இடத்தில் அவற்றின் சராசரியை இட்டிருக்கிறீர்கள். சராசரி பாதியாகும்போது அதன் வர்க்கம் கால் பங்காகிவிடுகிறது. நூல்கள் இரண்டு எழுத்துமுறைகளையும் பயன்படுத்துவதால், ஒரு நூலின் சமன்பாட்டையும் மற்றொன்றின் வரையறையையும் கலந்துவிடுவது மிக எளிது. ஆரத்தை மாற்றும்போது எண்ணும் மாறினால் பிழை அலகுகளில் இருக்கிறது, அல்லது வலையின் பக்க நீளம் எங்கோ நிலையான எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. தன்னியல்பான வளைவைச் சேர்த்த பிறகு மட்டும் விடை தலைகீழாக வந்தால், முக்கோணங்களின் முனைகள் எந்தச் சுற்றில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன என்று பாருங்கள். செங்குத்துத் திசையன் உள்நோக்கித் திரும்பியிருந்தால் குழிவுக்கும் குவிவுக்கும் பெயர் மாறிவிடும்.

அறிகுறி: இரண்டு நுண்குமிழிகள் இணைந்த பின்னும் கோளமாக மாறவில்லை

நுண்குமிழி என்பது நீரை உள்ளே அடைத்த மூடிய சவ்வுப் பை. அது கோளமாகாததைப் பிழை என்று எண்ணி வாரக்கணக்கில் நிரலைத் துருவிய மாணவர்களை அறிவேன். பெரும்பாலும் இது பிழையே அல்ல, சரியான விடை. இரு சமமான கோளங்கள் இணையும்போது பரப்பும் இரட்டிக்கிறது, கொள்ளளவும் இரட்டிக்கிறது. ஆனால் இரட்டிப்புப் பரப்புள்ள கோளம் ஒன்று, 2.83 மடங்கு கொள்ளளவைத் தாங்கக்கூடியது. உள்ளே இருப்பதோ இரு மடங்கு மட்டுமே. எனவே ஒப்பீட்டுக் கொள்ளளவு, அதாவது அதே பரப்புள்ள கோளத்தின் கொள்ளளவோடு ஒப்பிட்ட விகிதம், ஒன்றை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்த 0.707 ஆகிறது. வெளியிலிருந்து நீர் உள்ளே வரும் வரை அந்தக் குமிழிக்குக் கோளமாகும் வழியே இல்லை.

எந்த வடிவம் வர வேண்டும் என்பதும் தெரிந்ததே. தன்னியல்பான வளைவு சுழியாக உள்ள மாதிரிக்கு 1991இல் சைஃபர்ட், பெர்ண்டில், லிப்போவ்ஸ்கி ஆகிய மூவரும் வகுத்த வடிவ வரைபடத்தில், ஒப்பீட்டுக் கொள்ளளவு 0.65க்கு மேல் இருந்தால் நீள்வடிவமும், 0.65க்கும் 0.59க்கும் இடையே இருபுறமும் அமுங்கிய தட்டுவடிவமும், அதற்கும் கீழே உட்குழிந்த கிண்ணவடிவமும் மிகக் குறைந்த ஆற்றல் உடையவை. ஆகவே 0.707இல் உங்கள் கணக்கு நீள்வடிவத்தில், நடுவே சற்று ஒடுங்கி, நிற்க வேண்டும். தட்டுவடிவம் வந்தால் அது உள்ளூர்த் தாழ்வொன்றில் சிக்கியிருக்கிறது. தொடக்க வடிவத்தை நீட்டி வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். கோளமே வந்துவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். கொள்ளளவுக் கட்டுப்பாடு செயல்படவில்லை, அல்லது பரப்பு சுருங்கிக் கசிகிறது என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு ஆயிரம் படிகளுக்கும் பரப்பையும் கொள்ளளவையும் அச்சிடச் சொல்லுங்கள். இரண்டில் எது நழுவுகிறது என்பது உடனே தெரியும்.

அறிகுறி: இணைவு எப்போதும் மலையிலிருந்து உருள்வதுபோல் எளிதாக நடக்கிறது

தொடர்பரப்பு மாதிரியில் காஸ் வளைவு (இரு முதன்மை வளைவுகளின் பெருக்கல்) உறுப்பை விட்டுவிட்டால் இப்படி ஆகும். பரப்பு வெட்டுப்படாமலும் ஒட்டாமலும் ஒரே தொடர்புநிலை நீடிக்கும்வரை அந்த உறுப்பின் மொத்தம் மாறாத எண். காஸ்–பானே தேற்றம் அதைச் சொல்கிறது. அதனால்தான் வடிவ மாற்றக் கணக்குகளில் அதை விட்டுவிடும் பழக்கம் வந்தது. இரண்டு மூடிய பரப்புகள் ஒன்றாகும் கணத்தில் அந்தச் சலுகை முடிந்துவிடுகிறது. காஸ் விறைப்பு எதிர்க்குறி உடையது; அளவில் வளைவு விறைப்பின் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டியது. எண்ணிட்டால், இரண்டு குமிழிகள் ஒன்றாகும்போது அந்த உறுப்பு 226 வெப்ப அலகுகளை ஏற்றுகிறது. வளைவு ஆற்றலோ, இரண்டு கோளங்களுக்கான 1005இலிருந்து கீழே வருகிறது; நீர் உள்ளே வந்து முழுக் கோளமானால் 503 வரை இறங்கும். நிகரமாக இணைவு இலாபமே. ஆனால் அந்த இலாபத்தில் பாதியளவை விழுங்கும் செலவைக் கணக்கில் காட்டாமல் விடக்கூடாது.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முக்கோண வலை தானாக இணையாது. எந்த இடத்தில் வெட்டி, எந்த முனைகளைத் தைப்பது என்பதை நிரல் எழுதுபவர்தான் தீர்மானிக்கிறார். அந்த வெட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள ஆற்றல்களை ஒப்பிடலாம். இடையில் உள்ள தடையின் உயரத்தைத் தடிமனற்ற பரப்பால் சொல்ல இயலாது. ஒவ்வொரு சவ்வும் இரண்டு லிப்பிட் ஏடுகள் சேர்ந்த ஈரடுக்கு. அந்த இடத்தில் நடப்பது, எதிரெதிர் ஏடுகள் மட்டும் முதலில் கலக்கும் தண்டு என்ற இடைநிலை. 1983இல் கோஸ்லோவும் மார்க்கினும் அதைக் கோட்பாட்டில் முன்வைத்தார்கள். 2002இல் யாங், ஹுவாங் இருவரும் எக்ஸ் கதிர்ச் சிதறல் வழியாக அதன் வடிவத்தைக் கண்டார்கள். தண்டையும், அதன் பின் வரும் அரை இணைவையும், இணைவுத் துளையையும் பார்க்க வேண்டுமானால் ஏடுகளைத் தனித்தனியே கணக்கில் கொள்ளும் மாதிரிக்குச் செல்ல வேண்டும்.

அறிகுறி: சவ்விலிருந்து குழாயை இழுத்தால், அடியைச் சுற்றி மடிப்புகள் விழுகின்றன

மதுரைச் சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் உடனே விளங்கும். துணியின் ஒரு புள்ளியைக் கிள்ளித் தூக்கி நூலால் இறுக்கினால், அந்த முடிச்சைச் சுற்றிலும் ஆரைகள்போல் மடிப்புகள் ஓடுகின்றன. ஊடும் பாவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் துணி பக்கவாட்டில் வழிந்துவந்து இடத்தை நிரப்ப முடிவதில்லை, அதனால் மடிகிறது. லிப்பிட் சவ்வு அப்படிப்பட்டதன்று. அது இரு பரிமாண நீர்மம்; இழுத்த இடத்துக்கு மூலக்கூறுகள் வழிந்து வந்து, மடிப்பே இல்லாத வழவழப்பான உருளையைத் தரும். உங்கள் திரையில் சுங்குடி மடிப்புகள் தெரிந்தால், சவ்வுக்குப் பதிலாகத் துணியை மாதிரியாக்கி இருக்கிறீர்கள்.

காரணம் ஏறத்தாழ எப்போதும் ஒன்றே. முக்கோண வலையில் பக்கங்களைப் புரட்டும் படி நடக்கவில்லை. அடுத்தடுத்த இரு முக்கோணங்கள் பகிரும் பக்கத்தை நீக்கி, எதிர்முனைகளை இணைக்கும் இந்தப் புரட்டலே வலைக்கு நீர்மத் தன்மையைத் தருகிறது. நிரலில் அது இருந்தும் மடிப்பு விழுந்தால், எத்தனை முயற்சிகள் ஏற்கப்பட்டன என்று எண்ணுங்கள். பக்க நீளத்துக்கு நீங்கள் வைத்த மேல், கீழ் வரம்புகள் மிக நெருக்கமாக இருந்தால் புரட்டல்கள் அனைத்தும் நிராகரிக்கப்படும். வரம்பு மிக அகலமாக இருந்தாலோ பரப்பு தன்னைத்தானே ஊடுருவும். கீழ் வரம்பைப்போல் √3 மடங்கை மேல் வரம்பாக வைப்பது பல நிரல்களில் உள்ள பழக்கம்.

மடிப்பு நீங்கிய பின் குழாயை எண்ணால் சோதியுங்கள். வளைவு விறைப்பு 80 பிக்கோநியூட்டன் நானோமீட்டர், இழுவிசை நானோமீட்டருக்கு 0.01 பிக்கோநியூட்டன் என்றால், விறைப்பை இருமடங்கு இழுவிசையால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க 63 நானோமீட்டர் ஆரம் கிடைக்கிறது. குழாயைத் தாங்கும் விசை ஏறத்தாழ 8 பிக்கோநியூட்டன். குழாய் உருவாகும் கணத்தில் விசை இதைவிட 13 விழுக்காடு மேலெழுந்து பின் தணியும். அந்த மேட்டைச் சிலர் இரைச்சல் என்று வடிகட்டிவிடுகிறார்கள்; அதை விட்டுவையுங்கள், அது இயற்பியல்.

அறிகுறி: துகள் மாதிரியில் இரு ஈரடுக்குகள் நெருங்கவே மறுக்கின்றன

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. சுழல் எல்லை கொண்ட, அதாவது ஒரு பக்கம் வெளியேறுவது எதிர்ப்பக்கம் உள்ளே வரும், பெட்டியில் இரண்டு தட்டையான ஈரடுக்குகளை அடுக்கினால், இடையில் உள்ள நீர் நான்கு புறமும் அடைபட்டுவிடுகிறது. சவ்வைக் கடந்து வெளியேற ஓட்டத்தின் காலம் போதாது. பக்கவாட்டில் வெளியேற விளிம்பே இல்லை. ஆகவே சவ்வுகளுக்கு இடையிலான தூரத்தைத் தீர்மானிப்பது நீங்கள் கொடுக்கும் விசையன்று, தொடக்கத்தில் இட்ட நீரின் எண்ணிக்கை. ஒரு நீர் மூலக்கூறு 0.03 கன நானோமீட்டர்; ஒரு லிப்பிட்டின் பரப்பு 0.65 சதுர நானோமீட்டர். லிப்பிட் ஒன்றுக்கு 30 நீர் என்றால், எதிரெதிரே இரண்டு ஏடுகள் இருப்பதால், இடைவெளி 2.8 நானோமீட்டர். ஐந்து நீர் என்றால் 0.46 நானோமீட்டர். நான் பார்த்த பெட்டிகளில் தண்டு எழுந்ததெல்லாம் இந்த இரண்டாவது நிலையை ஒட்டித்தான். மார்ட்டினியில் ஒரு நீர்த்துகள் நான்கு மூலக்கூறுகளுக்குச் சமம் என்பதை மறந்துவிட்டு, ஐந்து துகள்களை இட்டு, அதை ஐந்து மூலக்கூறுகள் என்று எழுதிவைத்த ஆய்வேட்டை நான் திருத்தியிருக்கிறேன்.

நீரைக் குறைப்பது வசதியான வழியே தவிர, செல்லில் நடப்பதற்கு ஒப்பானதன்று. செல்லில் நீர் பக்கவாட்டில் விலகிச் செல்கிறது. அதை விலக்கும் வேலையை நரம்புமுனையில் ஸ்னேர் புரதங்கள் செய்கின்றன. சினாப்டோபிரெவின், சின்டாக்சின், ஸ்னாப்-25 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு இரு சவ்வுகளையும் இழுத்து ஒட்டவைக்கின்றன. ஒரு கட்டு இறுகுவதால் கிடைப்பது சில பத்து வெப்ப அலகுகள். இதற்கு நெருக்கமாக வர வேண்டுமானால், தட்டையான இரு சவ்வுகளை விட்டு, ஒரு குமிழியையும் ஒரு தட்டையான சவ்வையும் வையுங்கள். குமிழியின் முகடு சவ்வைத் தொடும் இடத்தில் நீர் தானாக ஒதுங்க வழி கிடைக்கும். கணினி நேரம் பல மடங்கு கூடும் என்பது உண்மை. ஒரே ஜிபியு உள்ள அறையில் இந்த முடிவை எளிதாக எடுக்க முடியாது என்பதையும் அறிவேன். ஆயினும் ஆய்வுக் கேள்வி நீரின் விலகலைப் பற்றியதாக இருந்தால் வேறு வழியில்லை.

தூரம் சரியாக இருந்தும் தண்டு எழவில்லையென்றால், லிப்பிட்டின் வடிவத்தைப் பாருங்கள். தண்டின் புறப்பரப்பு எதிர்வளைவு கேட்பது. தலை சிறுத்து வால் அகன்ற டிஓபிஇ போன்ற மூலக்கூறு அதற்கு இசைந்தது. தன்னியல்பாக அது 3 நானோமீட்டரை ஒட்டிய ஆரத்தில் தலைப்பக்கமாக வளைகிறது. டிஓபிசி உருளையை ஒத்தது என்பதால் தயங்கும். ஒற்றை வாலுள்ள லைசோலிப்பிட் தொடு ஏடுகளில் கலந்திருந்தால் தண்டு தடைபடும். ஆய்வகச் சோதனைகளிலும் இதையே கண்டிருக்கிறார்கள். எனவே தூய டிஓபிசியில் இணைவு நடக்கவில்லை என்பதை நிரலின் குறையாகக் கொள்ளாதீர்கள். டிஓபிஇ கலந்த பின்னும் நடக்கவில்லையென்றால்தான் மேலே தேட வேண்டும்.

அறிகுறி: பெரிய சவ்வு காரணமின்றி நெளிந்து, பெட்டி சுருங்குகிறது

முதலில், எவ்வளவு நெளிவு இயல்பானது என்று தெரிந்துகொள்ளுங்கள். இழுவிசையற்ற, 30 நானோமீட்டர் பக்கமுள்ள சதுரச் சவ்வில், விறைப்பு 20 வெப்ப அலகுகள் எனில், உயர ஏற்றத்தாழ்வின் வர்க்கச் சராசரி மூலம் 0.4 நானோமீட்டர். பக்கம் இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். உங்கள் எண் இதை ஒட்டியிருந்தால் அது வெப்ப அலைவு. அதை அடக்க முயலக் கூடாது. இரண்டு, மூன்று நானோமீட்டர் உயரத்துக்கு ஒரே அலையாக மடங்கி நின்றால் அது செயற்கை.

குரோமாக்ஸில் இதற்குப் பழகிய காரணம் அண்டைப் பட்டியல். ஒவ்வொரு துகளுக்கும் அருகில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை நிரல் ஒவ்வொரு படியிலும் புதுப்பிப்பதில்லை. இடைப்பட்ட படிகளில் பட்டியலுக்கு வெளியிலிருந்து உள்ளே வந்துவிடும் துகள்களின் விசை விடுபடுகிறது. ஆற்றலில் இதன் தடம் மிகச் சிறியது; அழுத்தத்திலோ, அதுவும் சவ்வின் தளத்திலும் குறுக்கிலும் ஒரே அளவில் இல்லாததால், பெரிதாகிறது. அழுத்தக் கட்டுப்பாடு அந்தப் பொய்யான அழுத்தத்தை நம்பிப் பெட்டியைச் சுருக்குகிறது, சவ்வு மடங்குகிறது. 2023இல் விரிவாக எடுத்துக்காட்டப்பட்ட கோளாறு இது. வெர்லே பஃபர் டாலரன்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பான 0.005ஐ நம்பாமல், அதைக் கழித்தல் ஒன்றாக்கி, ஆர்லிஸ்ட் என்ற பட்டியல் ஆரத்தை, விசையைக் கணக்கிடும் எல்லையான வெட்டுத்தூரத்தைவிடப் போதிய அளவு பெரிதாக நீங்களே எழுதுங்கள். 1.1 நானோமீட்டர் வெட்டுத்தூரத்துக்கு 1.35இல் தொடங்கி, அழுத்தத்தின் சராசரி அசையாத நிலை வரும் வரை கூட்டிப் பாருங்கள். வேகம் சற்றுக் குறையும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பட்டியல் சரியாக இருந்தும் மடங்கினால், அழுத்தக் கட்டுப்பாடு தளத்துக்கும் குறுக்குக்கும் தனித்தனியாக இயங்கும் வகைதானா என்று பாருங்கள். மூன்று திசைக்கும் ஒன்றாக இயங்கும் வகையை வைத்தால் சவ்வுக்கு வேண்டாத இழுவிசையோ நெரிசலோ வந்துவிடும்.

அறிகுறி: நுண்குமிழி தானே துளைபடுகிறது, அல்லது பிதுங்கி முட்டைவடிவாகிறது

இரு ஏடுகளிலும் லிப்பிட்டுகளைத் தவறான விகிதத்தில் இட்டிருக்கிறீர்கள். நடுத்தளத்தின் ஆரம் 8 நானோமீட்டர், ஒவ்வொரு ஏட்டின் நடுநிலைப் பரப்பும் அதிலிருந்து 1 நானோமீட்டர் தள்ளி என்று கொண்டால், வெளி ஏட்டுக்கும் உள் ஏட்டுக்கும் பரப்பு விகிதம் ஒன்பதின் வர்க்கத்துக்கு ஏழின் வர்க்கம், அதாவது 1.65. லிப்பிட் எண்ணிக்கை ஏறத்தாழ 1570க்கு 950. சம எண்ணிக்கையில் இட்டால் குமிழி நிலைக்காது. உள்ளே அடைத்த நீர் கூடினாலும் இதே கதை. ஆய்வகத்தில் 5 முதல் 10 மில்லிநியூட்டன் ஒரு மீட்டருக்கு என்ற இழுவிசையில் சவ்வு கிழிகிறது. சில மைக்ரோநொடி மட்டுமே ஓடும் கணக்கில் கிழிய அதைவிடப் பல மடங்கு வேண்டும். எனவே உங்கள் குமிழி ஓட்டத்தின் தொடக்கத்திலேயே துளைபட்டால், உள்ளே மிகப் பெரிய தவறு இருக்கிறது என்று பொருள். சவ்வில் சில துளைகளைத் தற்காலிகமாகத் திறந்து வைத்து, நீரும் லிப்பிட்டும் இடம் மாறிச் சமநிலை எய்திய பின் மூடுவதே நம்பகமான தீர்வு. சார்ம் குய் என்ற இணையதளம் மார்ட்டினி குமிழிகளுக்கு ஆறு துளைகளோடு தொடக்க அமைப்பைத் தருவதும் இதற்காகவே.

அறிகுறி: எல்லாம் உறைந்துபோகிறது

வெப்பநிலையைப் பாருங்கள். டிபிபிசி என்ற லிப்பிட்டின் சவ்வு 41 பாகை செல்சியசில்தான் உருகுகிறது. சித்திரை நடுப்பகலில் மதுரை தொடும் வெப்பத்தை ஒட்டியது அது. அணுநிலை மாதிரியில் 300 கெல்வினில் அதை ஓட்டிவிட்டு இணைவை எதிர்பார்க்க முடியாது. மார்ட்டினியில் அதே லிப்பிட் 295 கெல்வினை ஒட்டி உறைகிறது. பழைய மார்ட்டினியின் நீரும் 290ஐ ஒட்டி உறையும் என்பதால், உறைதடுப்புத் துகள்களைப் பத்தில் ஒரு பங்கு கலப்பது வழக்கமாக இருந்தது.

அறிகுறி: தண்டு உருவாகும் தடை, போகும்போது ஒன்றும் திரும்பும்போது வேறுமாக வருகிறது

இரு சவ்வுகளின் மையத் தூரத்தை வழிகாட்டும் மாறியாக வைத்து இழுத்தால் இதுவே நடக்கும். தூரம் ஒன்றாக இருக்கும்போதே தண்டு உள்ள நிலையும் இல்லாத நிலையும் இருக்க முடியும். அந்த மாறிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. நெருக்கும்போது தண்டு தாமதமாக எழுகிறது, விலக்கும்போது தாமதமாக அறுகிறது. இரு வளைகோடுகளின் சராசரியை எடுத்து அறிக்கையில் எழுதுவது தவறு. இரு சவ்வுகளுக்கும் நடுவே ஓர் உருளையைக் கற்பனை செய்து, அதைத் துண்டுகளாகப் பிரித்து, எத்தனை துண்டுகளில் லிப்பிட்டின் வால்கள் நிறைந்திருக்கின்றன என்று எண்ணும் சங்கிலி வகை மாறியை வையுங்கள். அது தண்டையே நேராக அளக்கிறது. அதன் பிறகும் இரு திசை ஓட்டங்களும் ஒன்று அல்லது இரண்டு வெப்ப அலகுக்குள் பொருந்தும் வரை ஒவ்வொரு சாளரத்தின், அதாவது பாதையைப் பிரித்த ஒவ்வொரு பகுதியின், காலத்தையும் நீட்டிக்கொண்டே போக வேண்டும்.

அறிகுறி: பிற்பகலில் ஓட்டம் நின்றுவிடுகிறது

எங்கள் பகுதியில் இதன் காரணம் பெரும்பாலும் மின்வெட்டு. யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினால், ஓட்டத்தின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் சோதனைக்குறிப்புக் கோப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லிவிடுங்கள். மறுபடி தொடங்கும்போது அந்தக் கோப்பிலிருந்தே தொடங்க வேண்டும். கடைசி அமைப்பை மட்டும் எடுத்துப் புதிதாகத் தொடங்கினால் திசைவேகங்கள் மாறி, தண்டு எழுந்த நேரத்தைப் பற்றி நீங்கள் வைத்திருந்த கணக்கு அறுந்துவிடும். அறை வெப்பத்தால் ஜிபியு வேகம் குறைந்தால் விடை மாறாது, நாள்தான் கூடும்.

அறிகுறி: கணக்கில் சில நூறு நானோநொடியில் இணைவு முடிகிறது, சோதனையோடு பொருந்தவில்லை

மார்ட்டினியில் துகள்கள் வழவழப்பான ஆற்றல்பரப்பில் ஓடுவதால், லிப்பிட் பரவல் உண்மையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகத் தெரியும். அந்த நான்கு மடங்கு, பரவலுக்கு மட்டுமான திருத்தம். தடை தாண்டும் நேரத்துக்கு அதை அப்படியே பெருக்கக் கூடாது. அத்துடன், நீங்கள் ஓட்டத்தைத் தொடங்கியபோதே சவ்வுகள் நீர் ஒதுங்கிய நிலையில் முகத்தோடு முகம் வைக்கப்பட்டிருந்தன. நரம்புமுனையில் கால்சியம் நுழைந்து ஒரு மில்லிநொடிக்குள் முடியும் நிகழ்வில், அந்த நிலைக்கு வந்து சேர்வதற்கான நேரமும் அடங்கியிருக்கிறது. ஆகவே அறிக்கையில் நேரத்தை எழுதும்போது, இரு சவ்வுகளுக்கும் இடையில் தொடக்கத்தில் இருந்த நீரின் எண்ணிக்கையையும் தொடக்க இடைவெளியையும் அதே வரியில் எழுதுங்கள்.